முன்சென்றோரும் பின்வந்தோரும்: 1835-ஆம் ஆண்டுப் பிரிவினையும் திருப்பணியில் தலைமை மாற்றமும்

தென்காசியில் 15-ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அக்கோயிலின் கல்வெட்டில் ஒரு விண்ணப்பத்தைப் பொறித்து வைத்தான். இவ்வாலயத்திற்கு என்றேனும் ஒரு குறை நேர்ந்தால், அதனை நீக்கி இதைக் காப்பவர் யாராயிருப்பினும், அவர்களை உலகறியத் தான் வணங்குவதாக அம்மன்னன் கூறுகிறான். கட்டினவன், தான் காணப்போகாத பின்வருவோரைப் பணிகிறான். பின்னாளில் சிதைந்துபோன அதன் இராசகோபுரம் நெடுங்காலம் மொட்டையாய் நின்று, 1990-இல் மீண்டும் முழுமை பெற்றது. மன்னனின் வேண்டுகோள் வீண்போகவில்லை.

அரசர்க்கு மட்டுமன்று, திருச்சபையின் ஊழியர்க்கும் இக்கவலை உண்டு. தான் பாடுபட்டதையெல்லாம் தனக்குப் பின்வருகிறவனிடம் விட்டுச்செல்ல வேண்டியிருக்கிறதே, அவன் ஞானியாயிருப்பானோ மூடனாயிருப்பானோ என்று பிரசங்கி கலங்குகிறார் (பிர. 2:18,19). பின்வருகிற தலைவர்க்கும் ஒரு கடமை உண்டு. தமக்குமுன் உழைத்தவர்கள் எத்தகைய உடன்பாட்டின்மேல் உழைத்தார்கள் என்பதை அறிந்தபின்னரே அவர் புதிய ஒழுங்கை வகுத்தல் வேண்டும். இக்கடமை தவறியபோது, மகிழ்ச்சியோடு நடைபெற்ற பணி எவ்வாறு கசந்தது என்பதற்கு நெல்லைத் திருச்சபையின் வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உள்ளது. அது 1835-இல் ரேனியஸ் ஐயர் சர்ச் மிஷனெரி சங்கத்தினின்று விலக்கப்பட்ட நிகழ்ச்சி. அதனைக் குருமாரும் இறையியல் மாணவரும் ஒருமுறை நிதானமாய் எண்ணிப் பார்ப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை வரைகின்றோம்.

1. சிற்றாற்று நாடு

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, தென்காசியைத் தொட்டுக் கிழக்கே ஓடி, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. வழியெங்கும் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களுமாக அதன் நீர் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் பாளையங்கோட்டையில் வாழ்ந்த ஐரோப்பியர் வெயிலுக்கு அஞ்சி அருவிக்கரைக்கு வருவது அந்நாளைய வழக்கம். ஆனால் சிற்றாற்று நாட்டு உழவன் அருவியின் அழகை வைத்து ஆண்டின் நலத்தை அளப்பதில்லை. தன் வயலின் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பதே அவன் கேள்வி. மேல்மடையில் ஒருவர் பலகையை அடைத்தால், அதன் விளைவைக் காண்பவன் கடைமடைக்காரனே.

இந்நாட்டின் பல பகுதிகள் 2019-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆலங்குளத்தை அடுத்த நல்லூர், சுரண்டை முதலிய பழைய மிஷன் நிலையங்கள் இப்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் வரலாறு பாளையங்கோட்டையின் வரலாற்றோடு பிணைந்தது. பாளையங்கோட்டைக்கோ அந்நாளில் மேல்மடைகள் இரண்டு இருந்தன: ஒன்று சென்னையில், மற்றொன்று இலண்டனில்.

2. இன்பமாய் நடந்த பணி

கார்ல் தியோபிலஸ் ஏவால்ட் ரேனியஸ் 1790-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். ஜெர்மனியில் லூத்தரன் முறைமைப்படி குருப்பட்டம் பெற்று, 1814-இல் சென்னைக்கு வந்தார். அவரை அனுப்பியது 1799-இல் இங்கிலாந்தில் தோன்றிய ஆங்கிலிக்க அமைப்பாகிய சர்ச் மிஷனெரி சங்கம். அந்நாளில் அச்சங்கத்திற்கு இங்கிலாந்திலிருந்து போதிய ஊழியர் கிடைக்கவில்லை. ஆகவே ஜெர்மானிய லூத்தரன் குருமாரை, அவர்கள் லூத்தரன் என்று அறிந்தே, ஏற்று அனுப்பியது. இவ்வுண்மையை மனத்தில் கொள்ளல் வேண்டும். பின்னர் எழுந்த பிணக்கு முழுவதும் இதனைச் சுற்றியே எழுந்தது.

பாளையங்கோட்டையில் 1816 முதல் படைக்குருவாய் இருந்த ஜேம்ஸ் ஹப் ஐயர் பள்ளிகளைத் தொடங்கி, மிஷனெரிகளை அனுப்புமாறு சங்கத்தை வேண்டினார். அதன் பயனாக 1820 ஜூலையில் ரேனியஸ் அங்கு வந்து சேர்ந்தார். ஷ்மித் ஐயர் அவருக்கு உடனூழியர் ஆனார். அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் நெல்லைத் திருச்சபையின் வசந்தகாலம் எனலாம்.

உபதேசிமாரைப் பயிற்றுவிக்கும் செமினரி நிறுவப்பட்டது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப்பட்டது. துண்டுப்பிரதிகளும் நூல்களும் வெளிவந்தன. துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்கள் அச்சமின்றிக் குடியிருக்க நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் கிராமங்கள் அமைக்கப்பட்டன; அதற்குத் துணைசெய்ய உள்நாட்டுக் கிறிஸ்தவர்களே பொருள் கொடுக்கும் தர்ம சங்கம் எழுந்தது. 1827-இல் உருவான டோனாவூர், உதவி அளித்த பிரஷ்யப் பிரபுவாகிய டோனாவின் பெயரைத் தாங்கியது. 1826-இல் பாளையங்கோட்டையில் தூய திரித்துவ ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ரேனியஸ் தமிழ் இலக்கணம் எழுதினார். புதிய ஏற்பாட்டைப் புதிதாய் மொழிபெயர்த்தார். 1835 அளவில் அவர் பொறுப்பிலிருந்த மக்கள் ஏறத்தாழப் பதினாயிரவர்.

இவ்வளவு பணியை ஓரிரு ஐரோப்பியர் செய்திருக்க இயலாது. செய்தவர்கள் உபதேசிமார். அவர்கள் கிராமந்தோறும் தங்கி, செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, வழக்குகளில் அகப்பட்ட ஏழைக்குத் துணைநின்று, குறித்த நாள்களில் பாளையங்கோட்டையில் கூடித் தங்கள் ஊர்ச் செய்திகளைச் சொல்லி, போதனை பெற்றுத் திரும்பினர். ரேனியஸ் அவர்களுடைய மொழியிலேயே பேசினார். அவர்களுடைய ஊர்களை நடந்து கண்டிருந்தார். ஓர் உபதேசியார் தம் சபையில் நேர்ந்த தளர்ச்சியை அவரிடம் மறைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஊழியம் இன்பமாயிருப்பதற்கு இதுவே அடிப்படை என்பது நம் கருத்து. வேலை எளிதாயிருந்ததன்று, ஊதியம் மிகுதியாயிருந்ததுமன்று. உண்மையைச் சொல்லும் ஊழியரும் அதைக் கேட்டு நம்பும் தலைவரும் ஒருங்கே இருந்தனர்.

3. மேல்மடையில் நேர்ந்த மாற்றம்

ரேனியஸ் வந்த ஆண்டாகிய 1814-இலேயே இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கப் பேராயர் கல்கத்தாவில் வந்திறங்கினார். அதற்குமுன் இந்நாட்டில் பேராயர் எவரும் இல்லாமையால், ஆங்கிலிக்கச் சங்கங்கள் லூத்தரன் குருமாரின் ஊழியத்தைத் தடையின்றி ஏற்றன. 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் லூத்தரன் முறைப்படியே குருவானார். 1790-இல் தஞ்சையில் சத்தியநாதன் அவ்வாறே குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைச் சபையை மேய்த்தார். அவருக்கு ஆதரவளித்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஆங்கிலிக்கச் சங்கமே. எனவே தாமும் தம் உடனூழியரும் தகுதியுள்ள உபதேசிமாருக்குக் கைவைத்துக் குருப்பட்டம் அளிக்கலாம் என ரேனியஸ் எண்ணியது புதுமையன்று. நூறாண்டு வழக்கம் அவர் பக்கம் இருந்தது.

ஆனால் காலம் மாறியிருந்தது. 1832-இல் டேனியல் வில்சன் கல்கத்தாவின் பேராயராய் வந்தார். 1835-இல் சென்னைக்கெனத் தனிப் பேராயம் அமைந்து, டேனியல் கொரி அதன் முதற்பேராயர் ஆனார். சங்கத்தின் சென்னைக் குழுவிற்கு 1833-இல் ஜான் டக்கர் ஐயர் செயலாளராய் வந்தார். அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கற்றவர். பக்தியும் கடமையுணர்ச்சியும் உடையவர். பாளையங்கோட்டையில் இன்றும் விளங்கும் சாராள் தக்கர் கல்லூரி, நெல்லைப் பெண்களின் கல்விக்கென உழைத்த அவருடைய சகோதரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. அக்குடும்பம் இந்நாட்டை நேசித்த குடும்பம். ஆதலின் இவ்வரலாற்றைத் தீயவர் ஒருவர் நல்லவர் ஒருவரைத் துரத்திய கதையாகச் சொல்லுதல் நீதியன்று.

நேர்ந்தது என்ன? பேராயர் இருக்கும் நாட்டில், ஆங்கிலிக்கச் சங்கத்தின் பொருளால் தாபரிக்கப்படும் சபைகளுக்குக் குருமார் ஆங்கிலிக்க முறைப்படியே நியமிக்கப்பட வேண்டும் என்பது புதிய தலைமையின் நிலை. அப்படியாயின், உபதேசிமார் ஆங்கிலிக்கச் சபையின் செப நூலையும் ஒழுங்குகளையும் முழுமையாய் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். தாங்கள் அறியாத ஒரு நாட்டின் ஒழுங்கை அவர்கள்மேல் சுமத்துவது தகாது என்பது ரேனியஸின் நிலை. இரண்டும் ஆராயத்தக்க நிலைகள். பணம் கொடுப்பவர் ஒழுங்கு கேட்பது இயல்பு. மனச்சாட்சியோடு உழைப்பவர் மறுப்பதும் இயல்பு.

கசப்பு வேறிடத்தில் பிறந்தது. எந்த உடன்பாட்டின்மேல் ஒருவர் இருபதாண்டு உழைத்தாரோ, அவ்வுடன்பாடு அவருடைய கைக்கு எட்டாத இடத்தில் மாறியது. நேற்றுவரை அவருடைய தனித்தன்மையாய் மதிக்கப்பட்டது, இன்று குற்றமாய் எண்ணப்பட்டது. அவர் மாறவில்லை, அவரை அளக்கும் கோல் மாறியது. யோசேப்பை அறியாத புதிய அரசன் எகிப்தில் எழும்பினான் என்று யாத்திராகமம் கூறுவதில் (யாத். 1:8) எத்துணை ஆழமுண்டு! புதிய தலைவர் கொடியவராயிருக்க வேண்டுவதில்லை. முன்னவர்க்கும் ஊழியர்க்கும் இடையே இருந்ததை அவர் அறியாதிருந்தாலே போதும்.

ரேனியஸ் பக்கமும் பதற்றம் இருந்தது. சென்னை மாகாணத்து ஆங்கிலிக்கக் குரு ஒருவர் திருச்சபையைப் பற்றி எழுதிய நூலை ரேனியஸ் 1834-இல் கண்டித்து எழுதி, அதை அச்சிலும் வெளியிட்டார். ஆங்கிலிக்கச் சபையின் அமைப்பையும் வழிபாட்டையும் அதில் வெளிப்படையாய்க் குறைகூறினார். தம்மைத் தாபரிக்கும் சபையைப் பொதுமக்கள் முன் கண்டித்தபின், சங்கம் வாளாவிருக்கும் என எதிர்பார்த்தல் அரிது. நேரில் பேசித் தீர்க்க வேண்டியது அச்சு எழுத்தில் ஏறியபோது, இரு பக்கத்தாரும் பின்வாங்கும் வழி அடைபட்டது. 1835-இல் இலண்டன் தலைமை அவருடனான தொடர்பைத் துண்டித்தது.

4. கடைமடையில் நேர்ந்தது

1835 ஜூன் மாதத்தில் ரேனியஸ் பாளையங்கோட்டையை விட்டு நீங்கி, ஆற்காட்டுப் பகுதியில் புதிய பணி தொடங்கச் சென்றார். பதினைந்து ஆண்டுகளாய் அவர் வளர்த்த சபை மக்கள் கண்ணீரோடு வழியனுப்பினர். சங்கத்தின் சார்பில் ஜார்ஜ் பெத்தித் ஐயர் பொறுப்பேற்றார். ஷாப்டர், மியுல்லர், லெக்லர் என்னும் மூன்று உடனூழியர் ரேனியஸின் பக்கம் நின்றனர். உபதேசிமாரில் பலர் திரும்பி வருமாறு அவருக்கு எழுதினர். அதற்கிணங்கி அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அவர் திரும்பி வந்தார். அதோடு பிரிவினை முழுமை பெற்றது: ஒரே நிலத்தில் இரண்டு மிஷன்கள் நின்றன.

சென்னையிலும் இலண்டனிலும் இருந்தோர்க்கு இது கொள்கைப் போராட்டம். கிராமத்து உபதேசியார்க்கோ இது நாள்தோறும் சுமந்த பாரம். அவர் எதிர்நோக்கிய கேள்விகளை நினைத்துப் பாருங்கள். ஊதியத்தை யாரிடம் பெறுவது? செபவீடு எவருடையது? தர்ம சங்கம் வாங்கிய நிலத்தில் குடியிருக்கும் ஏழை, யாருடைய சொற்படி நடப்பது? நேற்றுவரை ஒரே பாயில் அமர்ந்து செபித்த உடனூழியரோடு இன்று என்ன பேசலாம், எதைப் பேசலாகாது? முன்னர் மாதக் கூட்டத்தில் மனந்திறந்து பேசியவர், இனிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எந்தப் பக்கத்திற்குச் சாதகமாகும் என்று எடைபோட்டே பேச வேண்டியதாயிற்று. ஒரே ஊரில் இரண்டு கூட்டமாய்ப் பிரிந்து செபிக்கும் நிலையும் நேர்ந்தது. புறமதத்தார் இதைக் கண்டு நகைத்திருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இருபக்கத்திலும் உத்தமர் இருந்தனர் என்பதே துயரத்தை மிகுவிக்கிறது. 1830-இலேயே ஆங்கிலிக்க முறைப்படி பட்டம் பெற்ற தமிழ்க் குருவாகிய ஜான் தேவசகாயம் ஐயர் சங்கத்தோடு நிலைத்து நின்றார். அவரை விசுவாச துரோகி எனவோ, ரேனியஸுடன் சென்ற உபதேசிமாரைக் கலகக்காரர் எனவோ கூற நமக்கு உரிமை இல்லை. மேலிருந்தோர் உண்டாக்கிய பிளவில், கீழிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மனச்சாட்சியின்படி ஒரு பக்கத்தைத் தெரிந்துகொள்ளத் தள்ளப்பட்டனர். தலைமை மாற்றத்தால் பணியிடம் கசந்துபோவதன் மிகத் தெளிவான அடையாளம் இதுவே: ஊழியர் தங்கள் வேலையை நினைக்க வேண்டிய நேரத்தில் தங்கள் நிலையை நினைக்கத் தொடங்குகின்றனர்.

மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1838 ஜூன் 5-ஆம் நாள் ரேனியஸ் பாளையங்கோட்டையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது அவருக்கு வயது 47 மட்டுமே.

5. கண்ணாடியின் மறுபுறம்

இதுவரை கூறியதைக் கொண்டு, முன்னவர் எப்போதும் துன்புறுவோர், பின்வந்தோர் எப்போதும் துன்புறுத்துவோர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வரலாறு அவ்வளவு எளிதன்று. பாளையங்கோட்டையில் புதிய தலைமையால் நொந்த அதே ரேனியஸ், தஞ்சைக் கிறிஸ்தவர் பலருடைய கண்களில் தாமே ஒரு புதிய தலைமையின் அங்கமாய்த் தோன்றியவர்.

சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராகிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), 1820-களில் புதிய மிஷனெரிகளின் மாற்றங்களைக் கடுமையாய் எதிர்த்து எழுதினார். அவர் முறையிட்டவை முக்கியமாய் நான்கு: பப்ரிசியஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பு மாற்றப்பட்டது, சாதி வேறுபாட்டை விட்டு ஒருங்கிருக்குமாறு சபையார் கட்டாயப்படுத்தப்பட்டனர், திருநாள்களில் மலர் அலங்காரம் விலக்கப்பட்டது, திருமணத்திலும் அடக்கத்திலும் தமிழ் இசை தடுக்கப்பட்டது. இவற்றுள் முதலாவது, ரேனியஸின் புதிய மொழிபெயர்ப்பைக் குறித்தது. தலைமுறை தலைமுறையாய்த் தாங்கள் மனப்பாடம் செய்த வசனங்கள் வேறு சொற்களில் வந்தபோது, தங்கள் விசுவாசத்தையே எவரோ திருத்த வந்தாற்போல் அம்மக்கள் உணர்ந்தனர்.

இந்நான்கினையும் நாம் ஒன்றாய் எண்ணலாகாது. மலரும் இசையும் பண்பாட்டைச் சேர்ந்தவை. அவற்றை விலக்கியது சுவிசேஷத்தின் கட்டளையன்று, வந்தவருடைய பழக்கத்தின் கட்டளை. அந்த இடத்தில் சாஸ்திரியார் பக்கமே நியாயம் இருந்தது. சாதியைக் குறித்தோ புதியவர்கள் பக்கமே சுவிசேஷம் இருந்தது. கிறிஸ்துவின் பந்தியில் இருபந்தி வைப்பதைப் பழைய வழக்கம் என்று காப்பாற்ற முடியாது. 1833-இல் பேராயர் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடு நிலைக்கலாகாது என்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையில் பலர் பிரிந்து சென்றனர். மனமுறிவு உண்டாயிற்று என்பதால் மட்டும் அம்மடல் தவறாகிவிடாது.

எனவே நாம் இரு கேள்விகளைப் பிரித்தறிய வேண்டியவர்களாகிறோம். புதிய தலைவர் கொண்டுவரும் மாற்றம் சுவிசேஷத்தால் வற்புறுத்தப்படுகிறதா, அல்லது அவருடைய பழக்கத்தாலும் வசதியாலும் வற்புறுத்தப்படுகிறதா என்பது முதற்கேள்வி. மாற்றம் நியாயமானதாயிருப்பினும், அதனால் பாதிக்கப்படுவோர் அதற்குமுன் கேட்கப்பட்டனரா என்பது இரண்டாம் கேள்வி. முதற்கேள்விக்கு நல்ல விடை கூறிய தலைவர் பலர் இரண்டாம் கேள்வியில் தவறியிருக்கின்றனர். நீதியான மாற்றத்தையும் அதிகாரத்தின் வாயிலாக மட்டுமே திணித்தால், அது நீதியைக் கொண்டுவருமுன்னே பகையைக் கொண்டுவந்துவிடும்.

6. சபை பிழைத்த விதம்

ரேனியஸ் மறைந்தபின் பிரிவினை நீடிக்கவில்லை. ஷாப்டரும் மியுல்லரும் சங்கத்தோடு மீண்டும் இணைந்தனர். லெக்லர் இலண்டன் மிஷனெரி சங்கத்தில் சேர்ந்து, சேலத்தில் நெடுங்காலம் உழைத்தார். பிரிந்த சபைகள் பெத்தித் காலத்தில் மெல்லத் திரும்பின. நெல்லைச் சபை வளர்ந்தது. ரேனியஸ் எழுப்பிய தூய திரித்துவ ஆலயத்தின் உயர்ந்த கோபுரம் 1845-இல் எழுந்து, ஊசிக்கோபுரம் என்னும் பெயரை அவ்வாலயத்திற்குத் தந்தது. அடித்தளம் ஒருவர் இட, அதன்மேல் வேறொருவர் கட்டுகிறார், எப்படிக் கட்டுகிறோம் என்று ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும் என்று பவுல் அடிகள் எச்சரிப்பது இதைத்தான் (1 கொரி. 3:10).

ரேனியஸின் விதைகள் எதிர்பாராத இடங்களிலும் முளைத்தன. அவரிடம் செமினரியில் கற்ற அருளப்பன், வெளிநாட்டுச் சங்கம் எதனையும் சாராமல் 1842-இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860-இல் நெல்லையில் பரவிய எழுப்புதலில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. விலக்கப்பட்ட ஆசிரியரின் மாணவர் இவர் என்பதை மறக்கலாகாது. எதிர்ப்பக்கத்தில் நின்றோரும் ரேனியஸை நெடுங்காலம் குறைத்துப் பேசவில்லை. ஆங்கிலிக்கப் பேராயர் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட நெல்லை மிஷன் வரலாற்றில் ரேனியஸின் ஆற்றலுக்கும் உழைப்புக்கும் உரிய மதிப்பைத் தந்திருக்கிறார்.

எல்லாவற்றினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய குருமார் திருச்சபை ஐக்கியத்திற்கு அழைப்பு விடுத்தனர். இருபத்தெட்டு ஆண்டு உரையாடலுக்குப்பின், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதில் இணைந்த சபைகளின் குருமார் எல்லாரும், பேராயரிடம் பட்டம் பெற்றோரும் பெறாதோரும், மறுபட்டம் இன்றியே குருமாராய் ஏற்கப்பட்டனர். இனி வரும் பட்டங்களைப் பேராயரே அளிப்பார் எனவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1835-இல் ஒரு மிஷனைப் பிளந்த அதே கேள்விக்கு 112 ஆண்டுகளுக்குப்பின் கிடைத்த விடை இது. பேராயர் வேண்டும் என்ற டக்கரின் பக்கமும் இதில் காக்கப்பட்டது. முன்னர் நேர்மையாய்ப் பெற்ற ஊழியத்தை மறுக்கலாகாது என்ற ரேனியஸின் பக்கமும் காக்கப்பட்டது. 1835-இல் இது இயலாமற் போனதற்குக் காரணம் இறையியலின் கடினம் மட்டுமன்று. ஒருவரை ஒருவர் கேட்பதற்கு இருபத்தெட்டு ஆண்டு பொறுத்திருந்தோர் பிற்காலத்தில் இருந்தனர். முற்காலத்தில் இரண்டே ஆண்டுகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

7. நமக்குரிய பாடம்

நம் திருமண்டலங்களில் குருமார் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றப்படுகின்றனர். பள்ளித் தாளாளர் மாறுகிறார், கல்லூரி முதல்வர் மாறுகிறார், பேராயரும் மாறுகிறார். இவ்வொவ்வொரு மாற்றத்திலும் 1835-இன் சிறு நிழல் விழக் கூடும். புதிய குரு சேகரத்திற்கு வந்த முதல் வாரத்திலேயே செப ஒழுங்கை மாற்றுகிறார், முன்னவர் நியமித்தவர்களை அகற்றுகிறார், கணக்குகளைச் சந்தேகத்தோடு புரட்டுகிறார் என்று கொள்வோம். அவர் செய்தவை சட்டப்படி அவருக்குரியவையே. ஆயினும் முப்பதாண்டு மணியடித்த கோயில்பிள்ளைக்கும், ஓய்வுநாட் பாடசாலையைத் தாங்கிவந்த ஆசிரியைக்கும் அந்த வாரத்திலிருந்து ஆலயம் வேறோர் இடமாகிவிடுகிறது. அவர்கள் வருவார்கள், வேலை செய்வார்கள். ஆனால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை சொல்லப்படாத இடத்தில் எந்தக் குருவும் மேய்க்க இயலாது.

ஆகையால், புதிதாய்ப் பொறுப்பேற்போர் மூன்று காரியங்களைக் கைக்கொள்வது நலம். முதலாவது, மாற்றுவதற்குமுன் கேட்டறிதல்: இவ்வழக்கம் எப்போது தோன்றியது, எக்குறையை நீக்கத் தோன்றியது, எவருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்பவற்றை, கோப்புகளிலிருந்து மட்டுமன்றி ஊழியரின் வாயிலிருந்தும் அறிதல் வேண்டும். ரெகொபெயாம் தன் தகப்பனிடம் நின்ற முதியோரைக் கேட்டான், கேட்டபின் அவர்கள் சொல்லைத் தள்ளினான், ஒரே நாளில் பத்துக் கோத்திரங்களை இழந்தான் (1 இராஜா. 12). கேட்பதென்பது செவிகொடுத்தல் மட்டுமன்று, கேட்டதற்கு இடங்கொடுத்தலுமாம். இரண்டாவது, பழைய உடன்பாட்டின்மேல் உழைத்தவர்களைப் புதிய விதியால் குற்றவாளிகளாக்காதிருத்தல். விதி மாறலாம், அது இனி வருவதற்கு உரியது. மூன்றாவது, கருத்து வேறுபாட்டை மடலிலும் அச்சிலும் ஏற்றுமுன் நேர்முகமாய்ச் சந்தித்தல். பாளையங்கோட்டைக்கும் சென்னைக்கும் இடையே மாட்டுவண்டியும் பல்லக்கும் பல நாள் செல்ல வேண்டியிருந்த காலத்திலேயே அது தேவையாயிருந்தது. சில மணி நேரத்தில் பயணம் செய்யவும், கைப்பேசியில் நொடியில் பேசவும் இயலும் நமக்குச் சாக்குச் சொல்ல இடமேது?

மாறிச் செல்வோர்க்கும் கடமை உண்டு. தாம் வளர்த்த சபையைத் தமக்கே உரிய கட்சியாக்கி வைத்துவிட்டுப் போகும் குரு, தமக்குப் பின்வருபவர்மேல் மட்டுமன்று, அந்தச் சபையின்மேலும் பழி தீர்க்கிறார். மக்கள் அழைத்ததால் திரும்பி வந்த ரேனியஸின் அன்பை நாம் ஐயுறவில்லை. எனினும் அத்திரும்புதல் இரு மிஷன்களை ஒரே மண்ணில் நிறுத்தியது என்பதும் உண்மையே. தம் கிரியையைப் பின்வருவோர் கையில் ஒப்புவித்துப் பணியும் மனம் தென்காசி மன்னனிடம் இருந்தது. கிறிஸ்துவின் ஊழியர் அதிற் குறைவுபடலாமா?

நடுவில் அகப்பட்டோர்க்கு என்ன சொல்வோம்? ஷாப்டர் ஐயரை எண்ணுவோமாக. அவர் சுவிட்சர்லாந்து நாட்டவர். தலைவர் விலக்கப்பட்டபோது மனச்சாட்சியின்படி அவரோடு வெளியேறினார். அவர் மறைந்தபின் தம்மை விட்ட சங்கத்திற்கே திரும்பினார். சிற்றாற்று நாட்டில் நல்லூரை மையமாகக் கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். திருநெல்வேலி நகரில் ஷாப்டர் என்னும் பெயரால் ஒரு பள்ளி இன்றும் நடைபெறுகிறது. தாம் கண்ட அநீதியை அவர் மறந்திருப்பார் என்று சொல்ல மாட்டோம். சங்கமும் தலைவர்களும் மாறுவர், ஆனால் நல்லூரின் மக்கள் எவருக்கும் உரியவரல்லர், கர்த்தருக்கே உரியவர் என்பதை அவர் கண்டிருந்தார் என்றே எண்ணுகின்றோம். கசந்துபோன இடத்திலும் ஊழியத்தை விடாது பற்றிக்கொள்ள அவ்வறிவு ஒன்றே போதுமானது. மேல்மடையில் அமர்ந்திருப்போர் பலகையைத் தொடுமுன், கடைமடையில் நிற்கும் இத்தகைய ஊழியரின் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக.